இல்லக் கணிப்பொறியும் மடைமாற்று நிரலும்

இராதாபுரம் வட்டத்தில் பிறந்தார்க்கு மடைமாறுதல் என்பது இன்னதென்று எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பேச்சிப்பாறை அணையினின்று புறப்பட்டுக் கோதையாற்றுப் பாசனக் கால்வாய்களின் வழியே வரும் நீர், இராதாபுரம் கால்வாய் என்னும் பெயரோடு எம் வட்டத்துள் நுழைந்து, 52 குளங்களைச் சார்ந்து, 17,000 ஏக்கர் நிலத்திற்குப் பயன்பட வேண்டும் என்பது ஏற்பாடு. இடைவழியில் எவரேனும் ஒருவர் இரவோடிரவாக ஒரு மடையைத் திறந்துவிடுவாராயின், கடைக்கோடிக் குளத்துக்காரர் விடியற்காலையில் தம் மதகருகே நின்று வானத்தையும் அதிகாரிகளையும் நொந்துகொள்வாரேயன்றி, நான்கு மைல் மேலே நிகழ்ந்ததை அறியார். நீர் வற்றிற்றில்லை, வேறொருவர் வயலுக்குப் போயிற்று. அவ்வளவே.

இதனை ஒத்ததொரு களவு இப்பொழுது நம் இல்லங்களின் மேசைமேல் இருக்கும் கணிப்பொறிகளில் நாடோறும் நிகழ்ந்துவருகின்றது. உலாவியைத் திறந்தால் நாம் வைத்த முகப்புப்பக்கம் வாராது, கேட்டறியாத பெயருடைய தேடுபொறி ஒன்று வந்து நிற்கும். ஒரு சொல்லைத் தட்டித் தேடினால், விடை வருமுன் மூன்று நான்கு முகவரிகள் மின்னலெனத் தோன்றி மறையும். ஒரு தளத்தின் பெயரைச் செவ்வையாக எழுதியும் சூதாட்டக் கழகத்தின் வாயிலில் போய் நிற்போம். திரையின் வலப்புறத்து மூலையில், ‘உமது கணிப்பொறியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன’ என்று அச்சுறுத்தும் அறிவிப்பு இடையறாது எழும். இவற்றை விளைவிக்கும் தீய நிரலுக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இன்னும் அமையவில்லை. எம் ஊர் வழக்கை ஒட்டி யான் இதனை ‘மடைமாற்று நிரல்’ என்றே ஈண்டு வழங்குகின்றேன். இதனினும் சிறந்த சொல் அறிந்தார் கூறுவாராக.

இந்நிரலைச் செய்து விடுவோர்க்கு நம் வீட்டின்மேல் பகையொன்றும் இல்லை. அவர்கள் வேண்டுவது பொருள். தேடுவோர் ஒவ்வொருவரும் ஒரு விளம்பரத்தைக் காண்கின்றனர். காணுந்தோறும், தொடுந்தோறும், விளம்பரக்காரர் ஒரு சிறு தொகை கொடுக்கின்றனர். ஒருவர் தேட்டத்தால் வருவது காசின் கூறே. ஆயினும் கோடி மக்களின் தேட்டம் ஒருவன் மடைவழியே பாயுமாயின், அவன் பெருஞ்செல்வனாகின்றான்.

இது கற்பனையன்று. எஸ்தோனியா நாட்டில் ரோவ் டிஜிட்டல் என்னும் பெயரால் இயங்கிய ஒரு கூட்டத்தார், 2007 முதல் 2011 வரை, டி.என்.எஸ். சேஞ்சர் என்னும் நிரலை நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணிப்பொறிகளில் புகுத்தினர். அதன் சூழ்ச்சி நுட்பமானது. நாம் உலாவியில் ஒரு தளத்தின் பெயரை எழுதினால், கணிப்பொறி அப்பெயருக்குரிய எண்முகவரியை டி.என்.எஸ். என்னும் பேரேட்டைக் கேட்டே அறிகின்றது. தபால்காரர் பெயரைக் கொண்டு கதவிலக்கம் காண்பதை ஒக்கும் அது. இக்கூட்டத்தார் வீட்டையும் மாற்றவில்லை, தெருவையும் மாற்றவில்லை. பேரேட்டை மட்டும் மாற்றிவைத்தனர். ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் தளத்தை நாடினார், அந்நிறுவனத்தோடு தொடர்பே இல்லாத ஒரு வாணிகத்தின் பக்கத்திற்குக் கொண்டுபோகப்பட்டனர். அன்றியும், நோய் நீக்கும் மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வழியையும் அந்நிரல் அடைத்துவிட்டது. மருத்துவர் வரும் வழியில் முள் வெட்டிப் போட்டதற்கு ஒப்பு. இவ்வகையில் அவர்கள் ஈட்டிய தொகை 1 கோடியே 40 இலட்சம் டாலருக்குக் குறையாது என்று அமெரிக்க எஃப்.பி.ஐ. துறையினர் 2011 நவம்பரில் வெளிப்படுத்தினர்.

அவர்களைச் சிறைப்பிடித்த பின்னர் எழுந்த இடர்ப்பாடே இவ்வரலாற்றில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. பொய்ப்பேரேட்டை உடனே மூடிவிட்டால், அதனையே நம்பியிருக்கும் இலட்சக்கணக்கான கணிப்பொறிகள் ஒரு முகவரியையும் அறியமாட்டாமல் திகைத்து நிற்கும். ஆகவே நீதிமன்றத்தின் ஆணைபெற்று, களவு செய்தவர்களின் இடத்தில் மெய்ப்பேரேட்டை வைத்து, 2012 ஜூலை 9-ஆம் நாள் வரையில் நடத்திவந்தனர். நோயாளி தன் நோயை உணர்ந்து நீக்கிக்கொள்ளுமாறு எட்டுத் திங்கள் தவணை கொடுத்தனர் எனலாம். அத்துணைக் காலம் கழிந்தும், அந்நாளில் இன்னும் பல இலட்சம் கணிப்பொறிகள் நோயுற்றே இருந்தன. தம் வீட்டு நீர் எங்கிருந்து வருகின்றது என்று உடையவர்கள் பார்த்தாரில்லை. கூட்டத்தின் தலைவன் விளாடிமிர் சாஸ்ட்சின் என்பான் 2016-ஆம் ஆண்டில் ஏழாண்டு மூன்று திங்கள் சிறைத்தண்டம் பெற்றான்.

எஸ்தோனியா எங்கே, இராதாபுரம் எங்கே என்று வினவுவார்க்கு மற்றொரு செய்தி. 2017-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், செக் பாயிண்ட் என்னும் காப்பு நிறுவனத்தார், ஃபயர்பால் என்னும் மடைமாற்று நிரலைப்பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டனர். பெய்ஜிங் நகரத்து ராஃபோடெக் என்னும் விளம்பர நிறுவனம், தான் இலவசமாக வழங்கிய மென்பொருள்களோடு சேர்த்து அந்நிரலைப் பரப்பிற்று என்பதும், உலகெங்கும் 25 கோடிக் கணிப்பொறிகள் அதனால் பற்றப்பட்டன என்பதும், நாடுகளுள் முதலிடம் பெற்றது நம் இந்தியாவே, 2 கோடியே 53 இலட்சம், என்பதும் அவ்வறிக்கையின் சாரம். இத்தொகை மிகையென்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் அந்நாளிலேயே மறுத்துரைத்தனர். மறுப்பை ஏற்றுப் பெரும்பகுதியைக் கழித்தாலும், நாம் முதல் வரிசையில் நின்றோம் என்பது பொய்யாகாது. என்னை? இலவசம் என்ற சொல்லைக் கண்டவிடத்து நாம் நிற்கும் வேகம் உலகறிந்ததன்றோ?

நிற்க. ‘விளம்பரம் இரண்டு கூடுதலாக வந்தால் என்ன குடி முழுகிப்போம்?’ என்று கூறுவார் உளர். நம் விடுதியிலேயே உளர். அவர்கள் நகரத்திலிருந்து பேசுகின்றனர். ஊர்ப்புறத்து இல்லங்களில் கணிப்பொறி பொழுதுபோக்கிற்கு வாங்கப்பட்டதன்று. பட்டா பார்க்கவும், சாதிச்சான்று விண்ணப்பிக்கவும், மின்கட்டணம் செலுத்தவும், பிள்ளைக்கு உதவித்தொகை கேட்கவும், தேர்வாணையத்திற்கு விண்ணப்பம் நிரப்பவும் அஃது இருக்கின்றது. இவ்வாறு அரசினர் வாயிலை நோக்கிச் செல்லும் ஒருவரை இடைவழியில் திருப்பி, அரசினர் வாயில்போலவே தோரணம் கட்டிய வேறொரு வாயிலில் நிறுத்துவது சிறு குற்றமாகுமா?

எங்கள் தெருவில் எனக்குப் பெரியம்மை முறையாகும் ஒரு மூதாட்டியார் உளர். தொடக்கப்பள்ளி ஆசிரியையாய் இருந்து ஓய்வு பெற்றவர். தம்மிடம் பாமினி எழுத்துருவில் கிடந்த பழைய பாடக்குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்ற விரும்பி, அதற்கென ஓர் இலவச மென்பொருளை எங்கிருந்தோ இறக்கி நிறுவினார். எழுத்துரு மாறிற்று, அதனோடு உலாவியும் மாறிற்று. சில நாள் கழித்துத் தம் நிலத்தின் பட்டாவைப் பார்க்கத் தேடியபொழுது, முதலில் வந்த பக்கம் சின்னமும் நிறமும் அரசினர் தளத்தை ஒத்திருந்ததாம். சில நூறு ரூபாய் கட்டணமும், வங்கி அட்டையின் எண்ணும் கேட்டதாம். பட்டா விவரத்தைத் தமிழ்நாட்டரசின் தளத்தில் கட்டணமின்றியே பார்க்கலாம் என்பதை அவர் அறிவார். அதனால் ஐயுற்று நிறுத்திக்கொண்டார். அறியாதார் எத்தனைபேர் நிறுத்தியிருப்பர்?

வீட்டார் அவரைக் கடிந்துகொண்டனர். ‘தெரியாத ஒன்றை ஏன் தொட்டீர்கள்?’ என்பதே அனைவர் வாயிலும். இக்கடிதலை யான் முற்றிலும் மறுக்கின்றேன்; இக்கட்டுரை எழுதப்புகுந்ததற்கும் அதுவே காரணம். அம்மென்பொருளை நிறுவுங்கால் ஆறு பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. நான்காவது பலகையில், பொடியெழுத்தில், ஆங்கிலத்தில், ‘இன்ன தேடுபொறியை உமது முகப்பாக ஏற்கின்றீர்’ என்று எழுதி, அருகிலுள்ள பெட்டியில் அவர்களே முன்கூட்டிக் குறியும் இட்டுவைத்திருக்கின்றனர். மறுப்பவர்தாம் குறியை நீக்கவேண்டும். வாளாவிருந்தால் உடன்பட்டதாகக் கொள்வர். முப்பதாண்டு தமிழில் பாடஞ்சொல்லிய ஒருவர், ஆங்கிலப் பொடியெழுத்தின் உட்பொருளை நோக்காது ‘அடுத்து’ என்னும் பொத்தானை அழுத்தியது குற்றமா, அல்லது அவர் நோக்கமாட்டார் என்று கணக்கிட்டே அவ்வாறு எழுதியது குற்றமா? கைந்நாட்டு வைப்பவரிடம் பத்திரத்தைப் படித்துக்காட்டாமல் பெருவிரலைப் பிடித்து அழுத்துதலை நம் முன்னோர் மோசடி என்றனர். பத்திரம் திரையில் இருப்பதனால் அதன் பெயர் மாறுமா?

தமிழ் பயிலும் நமக்கு இதில் ஒரு பங்குண்டு என்று கருதுகின்றேன். குரோம் உலாவியும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் தமிழில் கிடைக்கின்றன. விண்டோஸுக்கும் தமிழ் இடைமுகம் உண்டு. இருந்தும் நம் வீடுகளில் அவற்றைத் தமிழுக்கு மாற்றி வைத்தாரைக் காண்டல் அரிது. காரணம் கேட்டால், ‘அந்தத் தமிழ் விளங்கவில்லை’ என்கின்றனர். அது வெறும் சாக்கன்று. சில தொடர்கள் ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, எழுவாய் எங்கே பயனிலை எங்கே என்று தேடவைக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸின் மொழிபெயர்ப்பைச் செய்பவரோ பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர். விரும்புவார் யாரும் அப்பணியிற் சேரலாம். சிறப்புத்தமிழ் வகுப்பில் புணர்ச்சிக்கும் தொகைக்கும் ஓராண்டு செலவிடும் நாம், ‘இந்நீட்சி நீர் காணும் பக்கங்கள் அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் வல்லது’ என்னும் எச்சரிக்கையை ஓர் ஆச்சிக்கு விளங்கும் தமிழில் எழுத ஒரு மாலைப்பொழுதைச் செலவிடல் ஆகாதா? இதனை இழிந்த பணி என்று எண்ணுவாரும் நம்முள் உளர். அவரோடு எனக்கு வழக்கில்லை. என் வழி வேறு.

இனி, நோய் கண்ட கணிப்பொறியை என் செய்வது? நம் நாட்டில் இதற்கு விடை ஒன்றே: கடைக்கு எடுத்துச்செல்லுதல், கடைக்காரர் ‘ஃபார்மட்’ அடித்துத் தருதல். பெரியம்மையின் கணிப்பொறிக்கும் அதுவே நேர்ந்தது. கடை இன்னதென்று கூற விரும்புகிலேன். வட்டு முழுவதும் துடைக்கப்பட்டு, புதியதுபோல் பளிச்சென்று திரும்பிற்று. காலஞ்சென்ற பெரியப்பாவின் குரல் பதிந்த இரண்டு ஒலிக்கோப்புகளும், மாற்றி முடித்த பாடக்குறிப்புகளும் அதனோடு போயின. ‘முக்கியமானது ஏதும் உண்டா?’ என்று கடையில் கேட்டனராம். எது எங்கே இருக்கின்றது என்று அவருக்கு எங்ஙனம் தெரியும்? மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தினாற்போல என்பது பழமொழி. கொளுத்தியதற்குக் கூலியும் கொடுத்தோம்.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் கூறுதல் வேண்டும். மூலை மூலையாகத் தேடித் தூய்மை செய்ய மூன்று மணி நேரம் ஆகும். அதற்குரிய கூலியை எவரும் கொடார். துடைத்துவிட்டால் பெரும்பகுதி வேலையைப் பொறியே செய்துகொள்ளும். அவர் அடுத்த வேலையைப் பார்க்கலாம். இஃது அவர் வயிற்றுப்பாடு. ஆயின் துடைத்தபின் அவர் செய்வதை மட்டும் என்னால் ஒப்ப இயலாது. உரிமம் இல்லாத விண்டோஸை நிறுவி, அதனை உரிமம் பெற்றதுபோல் நடிக்கச்செய்ய ‘கிராக்’ என்னும் ஒரு கள்ளச்சாவியையும் நுழைத்துத் தருகின்றனர். அக்கள்ளச்சாவியைச் செயற்படுத்துவதற்காகவே காப்பு மென்பொருளை முதலில் உறங்கவைக்கின்றனர். காவல்நாயைக் கட்டிப்போட்டுவிட்டு முன்பின் அறியாதவனை உள்ளே அழைத்தல் இது. ஒரு நோயைத் துடைத்து, வேறொரு நோய்க்கு வாயில் திறந்து வைத்தலே பல கடைகளில் ‘சர்வீஸ்’ எனப்படுகின்றது.

‘உரிமத்தின் விலை எம்மால் இயலாது’ என்பார்க்கு விடை இல்லாமலில்லை. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபொழுது, விண்டோஸோடு ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளத்தையும் அதில் வைத்துக்கொடுத்தது. சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய அது, விலையில்லாதது, கள்ளச்சாவி வேண்டாதது. பெற்றவர்களுள் அதனைத் திறந்து பார்த்தவர் எத்தனைபேர் என்பதை நம் பழைய மாணவர் சங்கத்தார் தம் நெஞ்சையே கேட்டுக்கொள்க. லினக்ஸிலும் உலாவி உண்டு, உலாவியில் தீய நீட்சி நுழையவும் கூடும். ஆகவே அதனை ஒரு கோட்டை என்று யான் புகழவில்லை.

கடைக்குப் போகாமல் இல்லத்திலேயே தூய்மை செய்தல் இயலுமா என்றால், பெரும்பான்மையும் இயலும். தண்ணீர் வாராத குளத்துக்காரர் செய்வதையே செய்யவேண்டும்: கடையிலிருந்து மேனோக்கி நடந்து, எவ்விடத்தில் நீர் பிரிகின்றது என்று காணல். முதலில், அதே கணிப்பொறியில் வேறோர் உலாவியைத் திறந்து பார்க்க. அது நேரே செல்லுமாயின் தீமை முந்திய உலாவியின் உள்ளேயே இருக்கின்றது. இரண்டும் வழிதவறின், அதே வைஃபையில் இணைந்த கைப்பேசியில் பார்க்க. கைப்பேசியும் வழிதவறுமாயின், கணிப்பொறியை நொந்து பயனில்லை. மடை திறந்திருப்பது ரவுட்டர் என்னும் பெட்டியில். கைப்பேசி செவ்வையாக இருப்பின் தீமை கணிப்பொறியின் உள்ளே, உலாவிக்கு வெளியே இருக்கின்றது. இம்மூன்று சோதனைக்கும் ஐந்து நிமிடம் போதும். இதனைச் செய்யாமல் துடைப்பவர், நாடி பாராமல் மருந்து கொடுப்பவரே. ரவுட்டரில் நோய் இருக்கக் கணிப்பொறியை நான்குமுறை துடைத்த ஒரு வீட்டை யான் அறிவேன்.

தீமை உலாவியில் இருப்பதே பெரும்பான்மை. அங்கே முதலிற் பார்க்கவேண்டுவது நீட்சிகளின் பட்டியல். நாம் வைத்ததாக நினைவில்லாத ஒவ்வொன்றையும் நீக்கிவிடலாம். நல்லதொன்று தவறிப்போனால் மீண்டும் வைத்துக்கொள்ளலாம், இழப்பில்லை. நீக்கவொட்டாமல் அடம்பிடித்து, ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்னும் வாசகத்தை ஒரு வீட்டு உலாவி காட்டுமாயின் அது பெரும்பாலும் திருடனின் கைவரிசை; வீட்டிற்கு ஏது நிறுவனம்? அடுத்து அறிவிப்பு அனுமதிகள். மூலையில் எழும் ‘ஐந்து வைரஸ்’ அச்சுறுத்தல்களிற் பல, நோயே அல்ல. ‘நீர் ரோபோ அல்லர் என்று காட்ட அனுமதி என்பதை அழுத்துக’ என்று ஏதோ ஒரு பக்கம் கேட்டிருக்கும். நாமும் மனிதர் என்னும் பெருமையோடு அழுத்தியிருப்போம். அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றால் ஆரவாரம் அக்கணமே அடங்கும். இவ்வளவிற்காகவே வட்டைத் துடைத்துப் படங்களை இழந்தவர்கள் உளர் என்பதை நினைக்க நெஞ்சு பொறுக்கவில்லை. பின்னர்த் தேடுபொறி, முகப்புப்பக்கம், தொடக்கப்பக்கம் ஆகியவற்றைச் சரிசெய்க. அல்லது உலாவியின் அமைப்புகளை மீட்டமைக்கும் பொத்தானையே அழுத்துக. மீட்டமைத்தலால் குரோமில் புத்தகக்குறிகளும் சேமித்த கடவுச்சொற்களும் அழியா. ஆயினும் அதற்குமுன் கணக்கு ஒத்திசைவை நிறுத்திவைத்தல் நன்று. இல்லையேல், இங்கே நீக்கிய நீட்சி வேறொரு கணிப்பொறியிலிருந்து கணக்கின் வழியாக மறுபடியும் வந்து குந்திக்கொள்ளும்.

உலாவிக்கு வெளியே ஒளியும் இடங்கள் சில உள. நிறுவிய மென்பொருள்களை நாள்வரிசையில் அடுக்கிப் பார்த்தால், தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்த விருந்தாளி பெரும்பாலும் அகப்படுவான். திரைமேல் உள்ள உலாவிச் சின்னத்தின் பண்புகளைத் திறந்தால், இலக்கு என்னும் வரியில் உலாவியின் பெயருக்குப் பின்னே ஒரு தளத்தின் முகவரி ஒட்டப்பட்டிருக்கக் கூடும். அவ்வாலை அறுத்தல் வேண்டும். ப்ராக்ஸி என்னும் இடைத்தரகர் அமைப்பு, நாம் வைக்காதிருந்தும் இயக்கப்பட்டிருக்கும். ஹோஸ்ட்ஸ் என்பது பேரேட்டையும் முந்திக்கொண்டு படிக்கப்படும் ஒரு சிறு துண்டுச்சீட்டு. விண்டோஸில் இயல்பாக அதன் வரிகள் எல்லாம் ‘#’ குறியோடு தொடங்கும். அக்குறியின்றி வங்கியின் பெயரோ தேடுபொறியின் பெயரோ காணப்படின் ஐயுறுக. நீக்கியது ஒவ்வொரு துவக்கத்திலும் திரும்ப வருமாயின், காலம் குறித்து வேலை ஏவும் பகுதியில் அதற்கொரு கட்டளை எழுதிவைக்கப்பட்டிருக்கும். இவற்றை எல்லாம் கையால் தேடமாட்டாதார்க்குக் கருவிகள் உள. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை முழுச்சோதனைக்கும், பின் இயங்குதளம் எழுமுன் நிகழும் சோதனைக்கும் ஏவலாம். மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் இவ்விளம்பர நிரல்களுக்கென்றே அமைந்தது, விலையில்லாதது. இந்திய அரசினர் 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரமும் இலவசக் கருவிகளைத் தருகின்றது. நம் சென்னையிலிருந்து இயங்கும் கே7 நிறுவனத்தின் கருவியும் அவற்றுள் ஒன்று.

ரவுட்டரில் நோயாயின், அதன் பின்புறத்துச் சிறு துளையை ஊசியால் அழுத்தித் தொடக்கநிலைக்குக் கொணர்ந்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுக. இணைப்பு கொடுத்தவர்கள் ‘அட்மின்’ என்றே விட்டுச்சென்ற பெட்டிகள் எம் ஊரில் பல. துளையை அழுத்துமுன் இணைப்புக்காரரைக் கேட்டு உள்நுழைவு விவரங்களை எழுதி வைத்துக்கொள்ளுதல் நலம்.

இத்துணையும் கூறியது கொண்டு, துடைத்தல் எஞ்ஞான்றும் தவறென்று யான் சாதிப்பதாகக் கொள்ளற்க. முன்பின் அறியாதவன் தொலைவிலிருந்து கணிப்பொறியை இயக்கிய அடையாளம் காணப்பட்டாலும், வங்கிக் கணக்கில் பணம் போயிருந்தாலும், தூய்மை செய்யச்செய்ய மூன்றாம் முறையும் தீமை தலையெடுத்தாலும், துடைத்துவிடுதலே அறிவுடைமை. பணம் போயிருப்பின் அதற்குமுன் செய்யவேண்டுவது 1930 என்னும் எண்ணிற்கு அழைத்தலும் வங்கிக்குத் தெரிவித்தலும். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துபோயிற்று. அதனையே இன்னும் வைத்திருப்போர், எப்படியும் ஒரு மாற்றத்திற்கு ஆயத்தமாக வேண்டியவரே. எதற்கும் முன்னர், படங்களையும் ஆவணங்களையும் தனி வட்டொன்றில் படியெடுத்துக் கைப்பட எழுதிய ஒரு சீட்டும் அதன்மேல் ஒட்டுக. நிரற்கோப்புகளைப் படியெடுக்கற்க, நோயும் உடன் வரும்.

விற்பவரை நம்பினால் போதும், புதுப்பொறி வாங்கினால் போதும் என்பாரும் உளர். 2014-இன் இறுதியில் விற்ற தன் மடிக்கணினிகள் சிலவற்றில் லெனோவோ நிறுவனமே சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர நிரலை வைத்து விற்றது; அது தேடல் விடைகளினிடையே விளம்பரம் செருகியதோடு, பூட்டிய பக்கங்களின் பூட்டையும் தளர்த்திற்று. 2015 பிப்ரவரியில் அது வெளிப்பட்ட பின்னரே நீக்கும் வழியை வெளியிட்டனர். வேலியே பயிரை மேய்ந்தது. புதுமையும் பெரும்பெயரும் காப்பாகா.

தூய்மை முடிந்தபின் கடவுச்சொற்களை மாற்றுதலை மறத்தலாகாது. அதுவும் நோயற்ற வேறொரு பொறியிலிருந்து. வங்கித் தளத்தின் முகவரியையும் இனிக் கூர்ந்து நோக்குக. இந்திய வங்கிகள் தம் தளங்களை ‘புள்ளி பேங்க் புள்ளி இன்’ என்னும் முடிவுக்கு 2025 அக்டோபர் 31-ஆம் நாளுக்குள் மாற்றவேண்டுமென்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருந்தது; தமிழ்நாட்டரசின் தளங்கள் பல ‘டி.என். புள்ளி ஜி.ஓ.வி. புள்ளி இன்’ என்று முடிவன. பக்கத்தின் நிறத்தையும் சின்னத்தையும் எவனும் வரையலாம். இம்முடிவுகளை எவனும் விலைக்கு வாங்க இயலாது.

கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர், தத்தம் தெருவில் மூன்று வீட்டுக் கணிப்பொறிகளையேனும் இவ்வாறு பார்த்துக்கொடுத்தல் கூடும். கூலி வேண்டாம், காப்பி கொடுப்பர். பார்க்குங்கால், வீட்டிலுள்ள மூத்தவரை அருகில் அமர்த்திக்கொண்டு, ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிச் செய்க. அவர் கையாலேயே செய்யவிடுதல் இன்னும் நன்று. நாம் மேற்சொன்ன கருவிகளையும் அவ்வந் நிறுவனத்தின் தளத்தினின்றே, நோயற்ற பொறியொன்றில் இறக்கிக் கொண்டுசெல்க. நோயுற்ற உலாவியிலேயே அவற்றின் பெயரைத் தேடி, முதலில் வரும் விளம்பரத்தைத் தொட்டு இறக்கற்க. அங்கேயும் அவன் ஒரு மடை வைத்திருப்பான்.